நூற்று எழுபத்தொன்று

"போதும்மா, நிறுத்து" என்றார் சிவசங்கர்.

முத்துச்செல்வி மிதிப்பதை நிறுத்தினாள். தரையோடு பொருத்தியிருந்த அந்தச் சைக்கிளின் சக்கரம் மட்டும் தன் போக்கில் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது. எதிரே மேஜைமேல் இரண்டு திரைகள். அவள் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம் ஒரு திரையில் 88 என்றது. சட்டைக்குள் மார்புக்குக் கீழே கட்டியிருந்த பட்டை இன்னொரு திரையில் 171 என்றது. ஒரே ஆள், ஒரே நெஞ்சு, ஒரே நிமிடம். மூன்று நாட்களாக இதே கதைதான்.

ஒரகடத்தில் இருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் கைக்கடிகாரம் செய்கிறார்கள். மணி பார்க்கிற கடிகாரம் இல்லை. நெஞ்சு எத்தனை முறை அடிக்கிறது என்று பின்பக்கம் பச்சை விளக்கை எரியவிட்டுத் தோல் வழியாகப் பார்த்துச் சொல்கிற கடிகாரம். அது சொல்வது சரிதானா என்று பார்க்க, யாராவது ஒருவர் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மார்புப் பட்டை. கடிகாரப் பாகங்களைப் பொருத்துகிற லைனில் நின்ற முப்பது பெண்களிடம் யாருக்கு நன்றாகச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று கேட்டபோது முதலில் கைதூக்கியவள் முத்துச்செல்வி. பள்ளிக்கூடத்துக்குப் போக வர எட்டு கிலோமீட்டர் மிதித்தவள். ஆனால் அவள் கைதூக்கியது அதனால் அல்ல. லைனில் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். சோதனை அறையில் மிதிக்கிற நேரம் போக மீதி நேரம் உட்காரலாம். அந்தச் சமயத்தில் அவளுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

சிவசங்கர் நல்ல மனிதர். முப்பத்தைந்து வயது, தாம்பரத்தில் இருந்து தினமும் வருகிற இன்ஜினியர். அடுத்த வாரம் வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்து சோதனைக் கணக்கைப் பார்க்கப்போகிறார்கள் என்ற கவலையில் மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனசு முழுக்கப் பட்டைமேல்தான் சந்தேகம். இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு லேசான மிதியில் நூற்று எழுபது வர வழியே இல்லை என்பது அவர் கணக்கு. முதல் நாள் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டச் சொன்னார். அப்புறம் இறுக்கிக் கட்டச் சொன்னார். பேட்டரியை மாற்றினார். யூனிஃபார்ம் டீசர்ட் பாலியஸ்டர், அது உரசினால் மின்சாரம் பிறந்து பட்டையைக் குழப்பும் என்று பருத்திச் சட்டை போட்டு வரச் சொன்னார். எதிரே ஓடிய மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கடிகாரத்தையும் விடவில்லை. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டி, கையில் இருந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்து, கைப்பிடியை அழுத்திப் பிடிக்காதே என்று சொல்லி, எல்லாம் பார்த்தாயிற்று. 88, 171. 86, 169. 90, 173.

மறைப்புத் துணிக்குப் பின்னால் போய்ப் பட்டையை நனைத்துக் கட்டும்போதெல்லாம் முத்துச்செல்விக்குத் தெரியும், பட்டைமேல் ஒரு தப்பும் இல்லை என்று. மிதிக்க ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் காதுக்குள் தடதடவென்று கேட்கும். தொண்டைக்குழியில் ஒரு குருவி மாட்டிக்கொண்ட மாதிரி துடிக்கும். கண்ணுக்கு ஓரத்தில் கறுப்பாகப் பூச்சி பறக்கும். கம்பெனி விடுதியில் இரண்டாவது மாடிக்கு ஏறும்போதும் இதேதான். நடுவில் நின்று, ஃபோனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு மறுபடி ஏறுவாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் கவனித்தது. அவள் வேகமாக மிதித்தால் கடிகாரத்தின் எண் கூடியது. மெதுவாக மிதித்தால் குறைந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே காலை மட்டும் மெதுவாக்கினால், அடுத்த சில நொடிகளில் கடிகாரமும் இறங்கி வந்தது. மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறாளோ அத்தனையைத்தான் அது காட்டியது. கடிகாரம் அவள் நெஞ்சைப் பார்க்கவே இல்லை.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடிகாரம் தப்பு என்றால் பட்டை சரி. பட்டை சரி என்றால் அவளுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. அப்படி ஒன்று வெளியே தெரிந்தால் கம்பெனியில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூட இருந்த இரண்டு பெண்களுக்கு அப்படி ஆகியிருக்கிறது. வீட்டுக்கு ஃபோன் போகும். வீட்டாள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார். ஓய்வு என்று பேர். போனவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.

முத்துச்செல்விக்கு வீட்டாள் என்று படிவத்தில் எழுதியிருப்பது அண்ணன் காசிராஜன் பேர். கல்யாணம் ஆகவில்லை என்றும் அதே படிவத்தில் எழுதியிருக்கிறது. அது பொய். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பேச்சிராஜ் என்று அவளுக்கு ஒரு கணவன் இருக்கிறான். அவன் குடிப்பதில்லை, கைநீட்டியதில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து திறப்பான். ஒன்றரை வருஷம். அடித்தான் என்றால் நாலு பேரிடம் சொல்லலாம். பூட்டினான் என்று சொன்னதற்கு அவள் அம்மாவே, "பூட்டுனா என்னட்டி, பத்திரமாத்தான இருக்க" என்றாள். ஆள் எடுக்க ஏஜென்சிக்காரர்கள் ஊருக்கு வந்த சமயம் முத்துச்செல்வி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அழுது அடம்பிடித்து, ஆறு மாசம் மட்டும் என்று அண்ணனிடம் வாக்குக் கொடுத்து வந்தாள். பதினெட்டு மாசம் ஆகிவிட்டது. இப்போது அண்ணனும் பேச்சிராஜும் சேர்ந்து லோடு வண்டி ஓட்டுகிறார்கள். போன மாசம் பேசும்போது அண்ணன், "மச்சான் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் இன்னும் என்ன சாக்குச் சொல்ல? கம்பெனில இருந்து ஒரு ஃபோன் வந்தாப் போதும், நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன்" என்றான்.

அன்று சிவசங்கர் பட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, துடைத்து, தானே கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். பட்டை 121 என்றது. மேஜையில் இருந்த மருத்துவக் கருவியில் விரலை வைத்துப் பார்த்தார். அதுவும் 121. அவள் விரலை அதில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"ஸ்ட்ராப் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் செட் ஆகல போல. சிலருக்கு ஸ்கின் அப்படி. நாளைலேர்ந்து நீ லைனுக்குப் போயிடும்மா. இசைவாணிய வரச் சொல்றேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முத்துச்செல்வி காதில் லைன் என்ற வார்த்தைதான் விழுந்தது. ஒன்பது மணி நேரம் நின்றால் முதல் நாளே விழுந்துவிடுவாள். விழுந்தால் ஃபோன். வேறு எதையும் யோசிக்க நேரம் இல்லை.

"சார், வாட்ச்சுதான் தப்பு" என்றாள்.

"என்ன?"

"அது என் காலைல்லா எண்ணுது. நெஞ்ச எண்ணல."

அவள் பட்டையை வாங்கி மறைவில் போய்க் கட்டிக்கொண்டு வந்து ஏறி, "இப்ப அறுபது மிதிக்கேன், பாருங்க" என்றாள். சுவரில் இருந்த கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து நொடிக்கு ஒரு சுற்று மிதித்தாள். கைக்கடிகாரத்தின் திரை 60க்கு வந்து நின்றது. "இப்ப எழுபத்தஞ்சு." திரை 74, 75. "இப்ப தொண்ணூறு." திரை ஏறியது. பக்கத்துத் திரையில் 158, 166, 175 என்று இன்னொரு எண் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச? மூணு நாளா நான் முட்டிக்கிட்டிருக்கேன்!"

அவள் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சிரித்தாள்கூட. தன்னை யாராவது இப்படி மெச்சி எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். இனிமேல் லைனுக்கு அனுப்ப மாட்டார்கள்.

அரை மணி நேரத்தில் மேலிடத்துக்கு மெயில் போயிற்று. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சிவசங்கர் படித்துவிட்டு, ஏதோ டீ வாங்கி வரச் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல. ஸ்ட்ராப் சொல்றதுதான் கரெக்ட்னா, மிதிச்ச ஆளு ஹெல்த்தியான்னு கேக்குறாங்க. மெடிக்கல் ரூமுக்குப் போய் ஃபிட்டுனு ஒரு சீல் வாங்கிட்டு வந்துடு. அப்பதான் உன் ரீடிங்க ரிப்போர்ட்ல வைக்க முடியும்."

மெடிக்கல் ரூம் கேன்டீனுக்குப் பின்னால். லூர்தம்மாள் சிஸ்டர் படப்பைக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். தலைவலி என்று போனாலும் வயிற்றுவலி என்று போனாலும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறவர் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவர் முத்துச்செல்வியின் கையில் இருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து கட்டைவிரலால் அவள் கீழ் இமையை இழுத்தார்.

"இன்னாமா இது, சுண்ணாம்பாட்டம் கீது!"

விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் பார்க்கிற கருவியில் வைத்தார். ஆறு புள்ளி இரண்டு. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினார். ஆறு புள்ளி ஒன்று.

"பன்னெண்டு இருக்கணும். நீ எப்டி நடந்துகினு இருக்கறே? மாசா மாசம் எத்தினி நாளு போவுது?"

"பத்து நாளு. போன ரெண்டு மாசமா பதினாலு நாளு வரைக்கும் போவுது."

"யாராண்டயும் சொல்லலியா?"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக சிஸ்டர்."

லூர்தம்மாள் பதிவேட்டைத் திறந்தார். எட்டுக்குக் கீழே இருந்தால் வேலைக்கு விடக்கூடாது, வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவர் தலைக்குமேல் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் முத்துச்செல்வி, பதினெட்டு மாசமாக அறைத்தோழியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். அழாமல் சொன்னாள். பூட்டைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் போன மாசம் பேசியதைச் சொன்னாள்.

சிஸ்டர் பேனா மூடியைத் திரும்ப மாட்டினார். வெளியே கேன்டீனில் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"இந்த ரிஜிஸ்டர நாளைக்கு எழுதறேன்" என்றார் கடைசியில். "அது என் கையில கீது. ஆனா நீ இன்னிக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். ரத்தம் ஏத்தணும், வெளாட்டு இல்ல. வெளிய போவ அவுட்பாஸ் போட்டுத் தரேன். பாஸ் போட்டா உன் வூட்டு நம்பருக்குத் தானா மெசேஜ் போயிரும். ஆஸ்டல் வார்டனுக்கும் போவும். அது கம்ப்யூட்டர். என் கையில இல்ல."

"பாஸ் இல்லாம விடமாட்டாகளா?"

"கேட்டாண்ட செக்யூரிட்டி விடுவானா?"

முத்துச்செல்வி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்தால் விழுவாள். வெளியே போனால் தெரிந்துவிடும். கடைசியில், "போடுங்க சிஸ்டர்" என்றாள்.

சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஃபோன் அடித்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஒலியை நிறுத்தி மடியில் கவிழ்த்து வைத்தாள். சாலையோரம் புதுக் கார்களை ஏற்றிய நீள லாரிகள் வரிசையாக நின்றன. எந்த லாரியிலும் டிரைவரைக் காணோம். செங்கல்பட்டு வந்து இறங்கும்போது பதினாறு அழைப்புகள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். லூர்தம்மாள் எழுதித் தந்த சீட்டைப் பார்த்ததும் படுக்கச் சொன்னாள். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, நான்தான் என்றதும் சம்மதக் காகிதத்தை நீட்டினாள். "அப்ப நீங்களே போடுங்க." முத்துச்செல்வி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மாலை நாலரைக்கு ரத்தம் வந்தது. யாரோ கொடுத்தது. பையின்மேல் ஒரு தேதியும் ஓர் எண்ணும் மட்டும் எழுதியிருந்தன. குழாயில் சிவப்பு மெல்ல இறங்கி வந்து அவள் முழங்கைக்குள் போயிற்று. கொஞ்சம் குளிர்ந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் போர்வையை அவள் காலில் போர்த்திவிட்டுப் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதுதான் ஃபோனை நிமிர்த்தினாள். செய்தி ஒன்று இருந்தது.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரின்னு வார்டன் சொன்னாங்க. பயப்படாத. கிளம்பிட்டோம். விடிய வந்துருவோம்."

அண்ணன் பயந்திருக்கிறான் என்று தெரிந்தது. பயத்தில்தான் பதினாறு முறை கூப்பிட்டிருக்கிறான். ஆனால் அவள் அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பிட்டேன் இல்லை. கிளம்பிட்டோம்.

ஊசியைச் சரிபார்க்க வந்த நர்ஸிடம், "இது முடிஞ்சதும் நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போலாமாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னொரு பை இருக்கும்மா. அது காலைல. அப்புறம் டாக்டர் வந்து பாத்துட்டுத்தான்."

"காலைல எத்தன மணிக்கு?"

"எட்டு ஆவும்."

"இப்பவே போறேன்னு சொன்னா?"

நர்ஸ் அவளை ஒரு தடவை பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போய்ச் சேர மாட்டே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். வார்டு வாசலில் இருந்த மடக்குக் கதவைக் காவலாளி கிறீச்சென்று இழுத்துத் திறந்தான். வெளியே காத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்குவாளியும் ஃபிளாஸ்கும் பழப்பையுமாக நெரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பியவர்கள் இந்நேரம் மதுரையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஊசி குத்திய கையை அசைக்காமல் தலையணையில் இருந்து கொஞ்சம் எழும்பி, உள்ளே வருகிற ஒவ்வொரு ஆணின் முகமாகப் பார்த்தாள். கடைசி ஆளும் வந்த பிறகு காவலாளி கதவைப் பாதி இழுத்துவிட்டு, அந்த இடுக்கில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.