திவசம் சனியா, ஞாயிறா

அம்மாவின் திவசம் இந்த வருடமும் இரண்டு நாள்களில் வந்து நின்றது. நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், குலசிங்கத்தின் குசினிச் சுவரில் தொங்கிய கோயில் கலண்டர் ஞாயிறு என்றது. அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருக்கும் தம்பி சுந்தரமூர்த்தியின் கைபேசிச் செயலி சனி என்றது. மாதமும் திதியும் இரண்டிலும் ஒன்றுதான். இறந்தவரும் ஒருவர்தான். நாள் மட்டும் எப்படி இரண்டானது என்பது குலசிங்கத்துக்கு விளங்கவில்லை.

"உங்கட கலண்டர் பிழை, அண்ணை," என்றான் தம்பி, கைபேசித் திரையில். "இது கம்ப்யூட்டர் பாக்கிற கணக்கு."

"ஓசியில வாறதெண்டால் கணக்கும் அப்படித்தான் இருக்கும்."

"ஓசியில்லை. மாசம் மாசம் காசு கட்டுறன்."

"திதி பாக்கிறதுக்கும் மாசக் காசோ! அமெரிக்காக்காரன் இனி நீ விடுற மூச்சுக்கும் வாடகை கேப்பான்."

"நீங்கள் வீட்டு மோர்கேஜ் கட்டியே கிழவனாப் போனியள். குளிருக்கு ஹீட்டர் போடவும் யோசிக்கிற ஆள், எங்களைச் சொல்லுறியள்!"

அண்ணன் தம்பி பேச்சு எப்போதும் இப்படித்தான் ஓடும். கோப்பி வாங்கினால் டிப்ஸ் கேட்கும் திரை, பில்லுக்குப் பயந்து அம்புலன்சில் ஏறாத சனம், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் டாக்சி என்று அண்ணன் அடுக்குவார். குறைந்த சம்பளம், ஈரம் கசியும் மர வீடு, பத்து மாதம் காக்க வைக்கும் அறுவைச் சிகிச்சை என்று தம்பி திருப்பி அடுக்குவான். அம்மா இருந்தபோது இது விளையாட்டு. அவர் நடுவில் தலையை நீட்டி, "நாட்டுக் கதையை விட்டிட்டு, சாப்பிட்டியளோ எண்டு ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கோவன்," என்பார்.

அம்மா குலசிங்கத்தின் வீட்டில்தான் இறந்தார். அவர்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும். ஆனால் சுந்தரமூர்த்தியின் கிரீன் கார்ட் மனு அப்போது பாதியில் நின்றது. அனுமதி எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். அனுமதி எடுக்க நேரம் போதவில்லை. அவன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்க, கொள்ளிக்குப் பதிலாகத் தகனசாலையின் பொத்தானைக் குலசிங்கம் அழுத்தினார். அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாவை விட உனக்குக் கார்ட் பெரிசாப் போச்சு."

அதற்குப் பிறகு அமெரிக்காவைப் பற்றிய பகிடிகளில் எல்லாம் ஒரு முள் ஒட்டிக்கொண்டது.

இந்த முறை சுந்தரமூர்த்தி சண்டையை இழுக்கவில்லை.

"சரி, அண்ணை. நீங்களே செய்யுங்கோ. நான் இனிச் செய்யேல்ல. ஒரு மனிசிக்கு ரெண்டு நாள் ரெண்டு இடத்தில சோறு படைக்கிறது, அவவைப் பகிடி பண்ணுற மாதிரிக் கிடக்கு." திரை இருண்டது.

குலசிங்கத்தின் மனைவி கஜானி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்கள் திதியைப் பற்றிக் கதைக்கேல்ல."

"பின்னை?"

"இன்னும் அந்தக் கார்டைப் பற்றித்தான் கதைக்கிறியள்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. குலசிங்கத்தின் வேலை ஒனிஹங்காவில். குளிர்சாதனக் கிடங்குகளின் வெப்பநிலையைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் நிறுவனம் அது. கிடங்குகள் நியூசிலாந்தில், அவற்றின் பதிவுகளைச் சேமிக்கும் கணினிகள் அமெரிக்காவில், வாடகைக்கு. காலையில் பக்கத்து மேசை மதன்குமார் கூப்பிட்டார். அவர் திருச்சிக்காரர்.

"குலா, மீன் கிடங்குல கதவு தொறந்து கெடந்திருக்கு. ஒரு பதிவு வியாழன்ங்குது, இன்னொண்ணு வெள்ளிங்குது. எதைத்தான் நம்புறது?"

"ரெண்டும் சரி," என்றார் குலசிங்கம், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கதவு திறந்தது ஒருக்காத்தான். அமெரிக்க நேரத்தில எழுதினா வியாழன், எங்கட நேரத்தில எழுதினா வெள்ளி."

சொன்னவரின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

திதியும் அந்தக் கதவைப் போன்றதுதான். வானத்தில் சூரியனை விட்டுச் சந்திரன் குறிப்பிட்ட ஓர் அளவு விலகிச் செல்ல எடுக்கும் காலமே ஒரு திதி. அது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. சந்திரனுக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. கிழமை ஊருக்கு ஊர் மாறுவது. திவசத்துக்கு நாள் குறிப்பவர், எந்த நாளின் பிற்பகலில் அந்தத் திதி நிற்கிறது என்று அந்தந்த ஊருக்குப் பார்க்கிறார். அம்மாவின் திதி இம்முறை ஒக்லாந்தில் ஞாயிறு விடியலில் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் சான் ஹோசேயில் இன்னும் சனிக்கிழமை முற்பகல். ஆகவே இங்கே ஞாயிறு பிற்பகல் அந்தத் திதிக்குள் விழுகிறது; அங்கே சனி பிற்பகல் விழுகிறது. கலண்டரும் சரி, செயலியும் சரி.

இந்த நேர மாற்றத்தை அவர் தினமும் செய்கிறவர். மீனுக்கும் பாலுக்கும் உறைந்த பட்டாணிக்கும் செய்திருக்கிறார். அம்மாவுக்கு ஒருமுறையும் செய்து பார்க்கத் தோன்றவில்லை. தம்பி பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தேவை இருந்தது.

வெளியே போய், வாகனத் தரிப்பிடத்தில் நின்று கூப்பிட்டார்.

"என்ன, அண்ணை? வேலையில நிக்கிறன்."

"நீ சொன்ன சனி சரி."

"அப்ப அமெரிக்கா வெண்டிட்டுதோ?"

"இல்லையடா. ஞாயிறும் சரி." கதவையும் சந்திரனையும் விளங்கப்படுத்தினார். தம்பியும் கணினிக்காரன்; பாதியிலேயே பிடித்துக்கொண்டான்.

"அப்ப போன வருசமும் ரெண்டு பேரும் சரியோ?"

"ஓம்."

"அதுக்கு முந்தின வருசமும்?"

"ஓம்."

"எல்லாம் சேர்ந்தே செய்திருக்கலாம், என்ன?"

குலசிங்கம் தகனசாலையில் சொன்னதைத் திருப்பி எடுக்க ஒரு சொல் தேடினார்.

"சுந்தரம், இந்த முறை நீதான் முதல்ல படைக்க வேணும்," என்றார். "அம்மாவுக்குச் செய்யிற உரித்து கடைக்குட்டிக்குத்தான். நீ தொடங்கு. நான் உனக்குப் பின்னால செய்யிறன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் குழம்பு எனக்குச் சரியா வராது, அண்ணை."

"கஜானி சொல்லித் தருவா. சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை."

"போய்ச் சாப்பிடு."

கைபேசியை வைத்த பிறகு, இரண்டு ஊரிலும் பகலாகவும் திதிக்குள்ளாகவும் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "ஒக்லாந்தில் ஞாயிறு காலை பதினொரு மணி. சான் ஹோசேயில் சனி மாலை நான்கு மணி. இரண்டும் ஒரே நேரம். அப்போது நீ தொடங்கு, நான் சேர்ந்துகொள்கிறேன்."