நீல வாளியில் வந்த புழு

எங்கள் ஆய்வுக் கப்பலில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. நீர்மூழ்கியில் முதன்முறையாக ஆழ்கடலுக்குப் போய் வருபவர் தலையில் ஒரு வாளி பனிக்கட்டித் தண்ணீரைக் கவிழ்ப்போம். பேராசிரியராக இருந்தாலும் தப்ப முடியாது.

கடல் உயிரியல் பேராசிரியர் கபாஷிமா அம்மாவுக்கு அந்த முதல் பயணம் ஐம்பத்தேழு வயதில்தான் கிடைத்தது. ஒக்கினாவா கடலடி வெந்நீர் ஊற்று ஒன்றின் பழைய வீடியோவில், இரட்டைக் கொண்டையோடு ஒரு குழாய்ப்புழு அசைந்ததைப் பார்த்துவிட்டு, "இது புது இனம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று கருத்தரங்குகளில் கேலி பேசினார்கள்.

நீர்மூழ்கியை ஓட்டியவன் நான். ஊற்றின் புகை கக்கும் கூம்பின் அடியில், மற்ற புழுக்களை விட்டு ஒதுங்கி, அது ஒற்றையாய் நின்றது. அதே இரட்டைக் கொண்டை. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஹிகா, பாத்து! ஒடிச்சுத் தொலைச்சிராதே!"

"கைய எடுங்கம்மா, நீங்கதான் ஒடிக்க வைக்கப் போறீங்க!"

இயந்திரக் கையால் குழாயோடு பெயர்த்தெடுத்தேன். இன்னொன்று தேட நேரமில்லை. புயல் வருகிறது என்று மேலே கூப்பிட்டுவிட்டார்கள்.

மேல்தளத்துக்கு வந்ததும், யாரையும் தொடவிடாமல், அம்மாவே புழுவைப் பனிக்கட்டி மிதக்கும் நீல வாளிக்கு மாற்றினார். குளிர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் "அம்மா, ஒரு போட்டோ!" என்று எல்லோரும் கத்த, வாளியைக் காலடியில் வைத்துவிட்டு, இரண்டு விரலை விரித்துக் காட்டிச் சிரித்தார்.

டெக் மேஸ்திரி தொகாஷி பின்னாலிருந்து வந்து அந்த வாளியைத் தூக்கி அம்மா தலையில் கவிழ்த்தார்.

"மாட்டினீங்களா டாக்டரம்மா! இப்பதான் நீங்க எங்க ஆளு!"

ஐயோ, என்ன சிரிப்பு சிரித்தார் அம்மா! பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தொகாஷி தயார் செய்திருந்த இன்னொரு நீல வாளி, பனிக்கட்டியோடு, கைப்பிடிக் கம்பியோரம் அப்படியே இருந்தது. தளத்துத் தண்ணீர் வடிகால் ஓட்டை வழியே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அத்தனை பேரும் மண்டியிட்டுத் தேடினோம். நான் ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டேன். வெறும் உப்புத் தண்ணீர்.

தொகாஷி நெற்றி தளத்தில் முட்டக் குனிந்து கிடந்தார். "என்னையும் கடல்ல தள்ளிடுங்கம்மா."

"எந்திரிங்க. கீழ வச்சது நான்தானே," என்றார் அம்மா. அவர் பற்கள் தந்தியடித்தன.

புது இனம் என்று சொல்ல, படத்தை மட்டும் காட்டினால் ஆய்விதழ்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள், புழுவின் உடல் வேண்டும் என்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு அம்மாவோடு இறங்கினேன். ஊற்று அடங்கி, கூம்பு சரிந்து, குழாய்களெல்லாம் காலியாகக் கிடந்தன.

எங்களோடு இறங்கிய புது ஓட்டுநருக்கு அதுதான் முதல்முறை. மேலே வந்ததும், தொகாஷி வாளியைத் தொட மறுத்துவிட்டார். "என்னால ஆகாது. வேற யாராவது ஊத்துங்க."

அம்மா வாளியை எடுத்துவந்து கீழே வைத்தார். முழங்கைவரை பனிக்கட்டிக்குள் கையை விட்டு, அடிவரை துழாவினார். உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கை சிவந்து கன்றிப்போகும்வரை துழாவிக்கொண்டே இருந்தார். புதியவன் தலையைக் குனிந்தபடி காத்திருந்தான்.

"போதும்மா, ஊத்துங்க," என்றேன்.

"இருப்பா," என்றார். "நல்லாப் பாத்துடறேன்."