நான்காவது மாடிப் பூட்டு

"நிறையத் தண்ணீர் குடிக்கும்படி பலமுறை அறிவுறுத்தப்பட்டது. நோயாளி பின்பற்றவில்லை."

நர்சிங் கல்லூரி வகுப்பறையின் கரும்பலகையில் என் அம்மாவைப் பற்றி எழுதியிருந்த வரி அது. எங்கள் தெருவுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளின் ஆசிரியை, அம்மாவின் நோயைப் பாடமாக நடத்தலாமா என்று கேட்டிருந்தார். நானும் வந்து உட்காருவேன் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தேன்.

அம்மா போனது சிறுநீர்த் தொற்றில். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது, கடைசியில் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். அம்மாவும் தலையை ஆட்டுவாள். வீட்டுக்கு வந்தால் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. நாங்கள் இருப்பது நான்காவது மாடி, கழிப்பறை கீழே முற்றத்தில். எங்கள் மாடியிலும் ஒன்று உண்டு. அதற்குள் வீட்டுக்காரர் பழைய பெயின்ட் டப்பாக்களை அடுக்கிப் பூட்டுப் போட்டிருந்தார். அம்மாவுக்கு முட்டிவலி வேறு. "குடிச்சா இறங்கணும், இறங்கினா ஏறணும். எனக்கு இந்த வம்பே வேணாம்" என்பாள்.

நான் எழுந்தேன். "டீச்சர், அந்த வரிய அழிங்க."

ஆசிரியை கோபப்படவில்லை. "வேற என்ன எழுதலாம், சொல்லுங்க."

"இங்க சொன்னா விளங்காது. எல்லாரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஆளுக்கொரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு வரணும்."

பின் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நான் சிரிக்கவில்லை. வீட்டில் அண்ணிக்கு ஏழாம் மாதம். அவளும் டம்ளரை உதட்டில் ஒற்றிவிட்டுக் கீழே வைக்க ஆரம்பித்திருந்தாள். இன்னொரு முறை அந்த வரியை யாரும் எழுதும்படி விடக்கூடாது என்பது மட்டுமே என் மனதில் இருந்தது.

மறுவாரம் வந்தார்கள். ஆசிரியையும் காலி பாட்டிலைக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எங்கள் ஒற்றை அறையில் கால் நீட்ட இடமில்லை. அண்ணியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள், பாதத்தை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக நெளியத் தொடங்கினார்கள்.

"அக்கா, பாத்ரூம் எங்க?"

"கீழ, முற்றத்துல. கதவு சாத்தியிருந்தா நில்லுங்க. கீழ்வீட்டு மாமா உள்ள போனா பேப்பர முழுசா படிச்சிட்டுதான் வருவாரு."

"விளம்பரத்தயும் சேத்து" என்றாள் அண்ணி.

போனவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தடவை. அதில் ஒருத்தி, உயரமானவள், சுவரில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி பாவப்பட்டுத் தண்ணீர் நீட்டினாள். அவள் சட்டென்று டம்ளரைக் கையால் மூடினாள்.

"ஐயோ, வேணாம்க்கா."

"ஏன் வேணாம்?" என்றார் ஆசிரியை.

"திரும்ப இறங்கணுமே டீச்சர்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. டம்ளரின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஆசிரியை எழுந்து புடவையை உதறினார்.

"வீட்டுக்காரர் எந்த மாடி?"

முதல் மாடி. கதவைத் திறந்தவர், படிக்கட்டு முழுக்க வெள்ளைச் சீருடையைப் பார்த்து மிரண்டார்.

"நாலாவது மாடி பாத்ரூம் சாவி வேணும் சார்."

"உள்ள சாமான் இருக்கும்மா. எடுத்து வைக்க இடமில்ல, ஆளுமில்ல."

"ஆளு நாங்க இருக்கோம். இடம் உங்க மொட்டை மாடியில இருக்கு."

"அடுத்த மாசம் பாக்கலாமே..."

"அதுவரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க சார்" என்று ஆசிரியை பின்னால் கை காட்டினார். "இப்பவே உங்க வீட்டு பாத்ரூமுக்குதான் வரிசை நிக்குது."

உயரமானவள் நிஜமாகவே ஒரு காலை அவர் வாசலுக்குள் வைத்துவிட்டாள். சாவி வந்தது.

டப்பாக்களை மாணவிகளே கை மாற்றி மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். குழாய் துருப்பிடித்திருந்தது, அதைச் சரிசெய்ய வைக்க ஆசிரியையும் நானும் வீட்டுக்காரரிடம் நடையாய் நடந்தோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே பிளம்பரை அனுப்பினார்.

கல்லூரிப் பலகையில் அந்த வரியை உயரமானவள்தான் அழித்தாளாம். "கழிப்பறை பூட்டியிருந்தது" என்று எழுதினாளாம்.

பிளம்பர் போன அன்று சாயங்காலம் அண்ணி ஒரு டம்ளரை முழுதாகக் குடித்து முடித்தாள். அம்மாவின் டம்ளர்தான் அது. என் முன்னால் நீட்டினாள்.

"என்ன நாத்தனாரே, வேடிக்க பாக்கற? இன்னொண்ணு ஊத்து."