மெஷின் கோளாறு

திறக்க முடியாத மனிதத் தொண்டை என்று ஒன்று இதுவரை படைக்கப்படவில்லை. குழாய் போடத் தெரியாத கைகள்தான் நிறையப் படைக்கப்பட்டிருக்கின்றன. ஆம்புலன்ஸ் நிலையத்தின் சாப்பாட்டு மேஜையில், வாய் நிறைய பிஸ்கட்டோடு அவன் இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தான். மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்க அவனுக்குப் பதினோரு விநாடி போதும். அதனால் அவனுக்குப் பட்டப்பெயரே 'பதினொன்று'. வைத்துக்கொண்டவனும் அவன்தான்.

எதிரே டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, பதினாறு வருடமாக இதே வேலையில் இருப்பவள். முகமூடியை நோயாளியின் முகத்தில் அழுத்திப் பிடித்து, பையை அமுக்கிக் காற்று கொடுப்பதோடு திருப்தி அடைந்துவிடுகிற ரகம்.

"நீங்க பேசாம சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிருக்கலாம்க்கா."

"பஞ்சரானவன் எவனும் இதுவரைக்கும் புகார் சொல்லலையேடா."

இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். நாடி இருந்தது, மூச்சு இல்லை. இயந்திரம் மட்டும் யாருடைய பிறப்புச் சான்றிதழையோ விடாமல் நகலெடுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தோன்றாமல் அவர் மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

அக்கா முகமூடியை வைத்துப் பையை அமுக்கினாள். நெஞ்சு ஏறி இறங்கியது.

"நல்லா போகுது. இப்படியே கொண்டு போயிடலாம்."

"தள்ளுங்கக்கா."

விளக்குக் கருவியால் நாக்கைத் தூக்கினான். உள்ளே ஒரே நுரை. பார்க்க விரும்பியதைப் பார்த்தான், குழாயை இறக்கினான். ஒன்பது விநாடி. தன் சாதனையைத் தானே முறியடித்திருந்தான்.

நுரையீரலுக்குப் போன காற்று திரும்பி வந்தால், குழாயோடு இணைத்த மெஷினின் திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"வயித்துக்குப் போயிருக்குடா."

"மெஷின் கோளாறுக்கா. காலையிலயே மக்கர் பண்ணுச்சு."

காலையில் அது ஒரு மக்கரும் பண்ணவில்லை. சோதித்துக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். கடைக்காரரின் வயிறு உப்பி, சட்டைப் பொத்தான் ஒன்று விறைத்தது. உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தான். தன் இதயம் படபடப்பதுதான் கேட்டது. "கேக்குதுக்கா" என்றான்.

அக்கா குழாயைப் பிடித்து உருவினாள்.

"வாயைச் சுத்தம் பண்ணு. முகமூடியை ரெண்டு கையாலயும் பிடி. நான் அமுக்கறேன்."

வண்டி கிளம்பிய பிறகும் மனைவி அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நல்லாத்தானே போட்டீங்க தம்பி? இவங்க ஏன் புடுங்கினாங்க?"

அக்கா நிமிரவே இல்லை. ஐந்து விநாடிக்கு ஒருமுறை பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். மெஷின் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் தப்பான இடத்துல போட்டுட்டேன்மா. காத்து வயித்துக்குப் போயிடுச்சு. அக்கா எடுத்திருக்கலேன்னா…"

கடைக்காரரின் மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"இப்ப போகுதா?"

"போகுது."

"அப்ப கையை எடுக்காதீங்க."

கட்டைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கி, முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். வண்டி பள்ளத்தில் குதித்தது. ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்டிக்கின் உட்புறம், திரும்பி வரும் மூச்சில் லேசாக மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.