பதினான்காவது குரல்

1

“செத்துப்போனவங்க போன்ல பேசினா, நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குமா?”

இதை என்னிடம் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பால் சேகரிப்பு நிலையத்தின் பின்னறையில், ஒரு கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதில் தெரியாதபோது அதுதான் என் வழக்கம். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்து வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“டிஜிட்டல் சேமிப்பு வந்தபிறகு கிராமத்துப் பெண்களின் வாழ்வில் பெரும் மாற்றம் –”

(நிறுத்திவிட்டேன். பொய்யில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த ஒருத்திகூட இந்த வாக்கியத்துக்குள் இல்லை.)

அடுத்து இப்படி:

“அந்தப் புதன்கிழமை, இறந்துபோன ஒருத்தியின் குரல் அறைக்குள் –”

(இதுவும் வேண்டாம். பேய்க்கதைக்கு வருகிறவர்கள் பேயைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். மூலையில் நின்ற குழந்தையைப் பார்க்க மாட்டார்கள்.)

ஆகவே, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

2

பதினான்கு பெண்கள். சேமிப்புக் குழுவாகப் புதன்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்குக் கூடுவார்கள். பால் குளிரூட்டும் தொட்டி அந்த அறையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். சுவரோரம் கேன்கள் அடுக்கியிருக்கும். நிலையத்தை நடத்துகிற பால்காரம்மாதான் குழுவுக்குத் தலைவி. பணம் போடும் கைபேசிச் செயலியில் எல்லாம் தானாகப் பதிவானாலும், “மிஷின் மறந்தாலும் நோட்டு மறக்காது” என்று சொல்லி, குறிப்பு எழுத என்னை உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் வாரம் நூறு ரூபாய் போட வேண்டும். ஐம்பத்திரண்டு வாரம்.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தச் செயலியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சேரும்போதே ஒவ்வொருத்தியும் தன் குரலில் ஒரு வரி பதிய வேண்டும். அவள் பேரில் பணம் ஏறும்போதெல்லாம் தலைவியின் கைபேசி அந்த வரியை உரக்கச் சொல்லும். கோழி வளர்க்கிறவள் “என்னுது வந்திருச்சு, அடுத்த ஆளப் பாருங்க” என்று பதிந்திருந்தாள். பால்காரம்மாவுடையதில் பாதி இருமல்.

தையலக்கா பதிந்தது வேறு மாதிரி. அவசரத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டே பேசினாள். முதலில் தையல் இயந்திரத்தின் சத்தம். பிறகு, “நான் போட்டுட்டேன்.” இயந்திரம் நிற்கிறது. ஒரு மூச்சு. பிறகு, செயலியைச் சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனிப் பெண்ணைப் பார்த்து, “போதுமா?”

செயலி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கம்பெனிப் பெண் அழித்துவிட்டு மறுபடி பேசச் சொன்னாள்.

“விடும்மா. கேக்குறதுல என்ன தப்பு?” என்றாள் தையலக்கா.

3

அவளை இன்னும் நல்லவளாக எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இறந்தவர்களை அப்படித்தான் எழுதுவது வழக்கம். ஆனால் அவள் சட்டைக்கு அளவெடுக்கும்போது, “வாங்குற சம்பளமெல்லாம் வயித்துலதான் சேருதுபோல அண்ணே” என்றவள். எதிர்த்த வீட்டாரோடு தண்ணீர்க் குழாய்க்காக மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள். அப்படியே இருக்கட்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மகள் அதற்குமேல் படிக்கவேண்டுமானால் நகரத்தில் விடுதியில் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்துக்காகத்தான் போட்டுவந்தாள். நாற்பத்தோரு வாரம் போட்டாள். நாற்பத்திரண்டாவது வாரம், மூன்று நாள் காய்ச்சலில் –

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

விதி இதுதான். ஐம்பத்திரண்டு தவணையும் முடிந்தால் கம்பெனி பணத்தை இரட்டிப்பாக்கி, அவள் எழுதிக்கொடுத்தபடி மகள் பேருக்குப் போடும். தொடர்ந்து மூன்று வாரம் தவறினால் பட்டியலிலிருந்து பேர் விழுந்துவிடும். போட்டது மட்டும் கணவன் கணக்குக்குப் போகும்.*

* கணவர் லாரி ஓட்டுகிறவர். அவரைக் குடிகாரராக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அதுதான் எளிது. உண்மையில் லாரி பழுதாகி இரண்டு மாதமாக நின்றிருந்தது. வட்டிக்கு வாங்கியிருந்தார். குடிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை.

4

இரண்டு புதன்கிழமை அவள் குரல் வரவில்லை. மூன்றாவது புதன்கிழமை லாரிக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் ஒரு காலிக் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

“உள்ள வந்து உக்காருங்க தம்பி” என்றார் பால்காரம்மா.

“இருக்கட்டும்மா. நாலு மணிக்கு அவ பேரு விழுந்துரும், பணம் என் கணக்குக்கு வந்துரும்னாங்க. பாத்துட்டுப் போயிடுறேன்.”

“பொண்டாட்டி இருந்தவரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப்பாக்கல. இப்ப கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தாச்சு” என்றாள் கோழிக்காரி.

“கடன்காரன் வாசல்ல நிக்கிறான்க்கா. உங்க வாசல்ல வந்து நின்னாத் தெரியும்.”

“என் வாசல்ல கோழிதான் நிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

அந்த அறையில் சிக்னல் நின்று நின்றுதான் வரும். காலையில் போட்ட பணத்துக்குக்கூட மதியம்தான் குரல் வரும். ஒவ்வொன்றாக வந்தன. பதின்மூன்று குரல்கள். நான் பதின்மூன்று கோடு போட்டேன். அதன்பிறகு தொட்டியின் உறுமல் மட்டும். லாரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கேன்களின் நிழலில் நின்றாள்.

மூன்று ஐம்பதுக்குக் கைபேசியிலிருந்து தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

“நான் போட்டுட்டேன்.”

இயந்திரம் நின்றது. ஒரு மூச்சு.

“போதுமா?”

லாரிக்காரர் எழுந்த வேகத்தில் கேன் உருண்டு சுவரில் இடித்தது.

“யாரு போட்டது?”

உள்ளே எட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“அவ போனு எங்கிட்ட இருக்கு. பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கேன். சாவி என் பையில இருக்கு.” சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அது இருந்ததுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. மகளைக் கூப்பிடக்கூட மறந்து வெளியே போனார்.

அப்போதுதான் அவள் மேசையருகே வந்து, பால்காரம்மாவின் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

5

மறுநாள் பால் அளக்கும் நேரத்தில் பால்காரம்மாவிடம் போனேன்.

“அவளோட பின் நம்பர் யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்குமா?”

“யாருக்கும் சொல்லாத நம்பரா ஒண்ணு போடுங்கன்னு அந்தக் கம்பெனிப் பொண்ணு சொல்லிச்சு. நாங்க யாருக்கும் சொல்லலண்ணே. மறந்துட்டா என்ன பண்றதுன்னு கேன்ல எழுதியிருக்குற நம்பரப் போட்டுக்கிட்டோம்.”

நான் கேன்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலச் சாயத்தில் 4117.

“பதினாலு பேருமா?”

“நான் மட்டும்தான் புத்திசாலின்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, ஒவ்வொருத்தியும் நானும்தான் நானும்தான்ங்கிறா.”

பேருக்குரிய கைபேசி எண்ணும் இந்த நான்கு இலக்கமும் இருந்தால் எந்தக் கைபேசியிலிருந்தும் பணம் போடலாம். எடுக்கவும் செய்யலாம். நாற்பத்து நான்கு வாரமாகப் பதினான்கு பெண்களின் சேமிப்பு, தாழ் போடாத ஒரே கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் அது தெரியும். ஒருத்தியும் கைவைக்கவில்லை. இறந்தவளின் குரல் கேட்டபோதுகூட எனக்கு அப்படிச் சிலிர்க்கவில்லை.

“அப்ப, போட்டது யாரு?”

“கேக்க மாட்டேன். கேட்டா யாராவது ஒருத்தி பொய் சொல்ல வேண்டிவரும்.”*

* இது கம்பெனியை ஏமாற்றுவது ஆகாதா என்று என் மனம் குடைந்தது. அதையும் கேட்டேன். “செத்தவங்க பேருல போடக்கூடாதுன்னு விதியில இருக்கா? படிச்சுச் சொல்லுங்க” என்றார். ஏழு பக்கத்தையும் படித்தேன். இல்லை.

ஆனால் கதைக்கு ஒரு விடை வேண்டுமே. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: செயலியில் ஏதோ கோளாறு. (எழுதி முடித்ததும் கிழித்தேன். கோளாறு தன் பையிலிருந்து நூறு எடுத்துப் போடாது.)

இரண்டு: போட்டது கணவரே. அந்தப் பயமெல்லாம் நடிப்பு. (ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாவியைத் தொட்ட விரல்களை நான் பார்த்தவன்.)

மூன்று: அவளேதான். (இதைப் பட்டப்பகலில்தான் எழுதினேன். இருந்தும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கடவுளை நம்புகிறவன் இதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அடித்தும் விடவில்லை, இங்கே இருக்கட்டும்.)

6

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் குரல் வந்தது. பழகிப்போகும் என்று நினைத்தோம். பழகவில்லை. இயந்திரச் சத்தம் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். “போதுமா?” முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

ஐம்பத்திரண்டாவது புதன்கிழமை லாரிக்காரர் உள்ளேயே வந்து மகளுக்குப் பின்னால் நின்றார்.

“பணத்துக்கு வரலம்மா” என்றார் பால்காரம்மாவிடம். “எல்லா வாரமும் வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் போறேன். இன்னிக்குக் கடைசிதானே.”

கோழிக்காரி எழுந்து தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

பதினான்கு குரலும் வந்தன. நான் கோடுகளைக் கூட்டினேன். இன்னொரு முறை கூட்டினேன்.

“தையலக்கா பேருல ஐம்பது தவணைதான் இருக்கு” என்றேன். “அவ போன புதுசுல தவறின ரெண்டு வாரம் அப்படியே நிக்குது. ரெண்டு குறைஞ்சா இரட்டிப்பு வராது.”

எல்லோரும் பேர் விழாமல் பார்த்துக்கொண்டார்களே தவிர, இதை நினைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். பால்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். கணவர் மகளின் தோளில் கைவைத்தார். பெண்களின் கைபேசிகள் பதின்மூன்றும், கூட்டத்தின் வழக்கப்படி, மேசைமேல் கிடந்தன. யாரும் எதையும் தொடவில்லை.

சிக்னல் வந்தது. தையல் இயந்திரம் ஓடியது.

“நான் போட்டுட்டேன். போதுமா?”

சிலர் தலை குனிந்தார்கள். காலையிலேயே எவளோ போட்டுவைத்திருக்கிறாள்.

மறுபடியும் இயந்திரம்.

“நான் போட்டுட்டேன். போதுமா?”

குனிந்திருந்த தலைகளில் ஒன்று திடுக்கிட்டு நிமிர்ந்தது. தான் மட்டும்தான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் சட்டென்று நோட்டைப் பார்த்துக்கொண்டேன். யார் என்று எனக்குத் தெரியக்கூடாது.

ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. குரல் நிற்கவில்லை.

“நான் போட்டுட்டேன். போதுமா?”

“நான் போட்டுட்டேன். போதுமா?”

ஒரே மூச்சு, ஒரே கேள்வி, அறை முழுக்க. ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல், எத்தனை பேர் அன்று காலை அந்த நான்கு இலக்கங்களை அழுத்தினார்களோ. ஏழு வரை எண்ணினேன். குழந்தை அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது. இது எப்போது நிற்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

பால்காரம்மா கைபேசிமேல் உள்ளங்கையை வைத்தார். தூங்காத பிள்ளையைத் தட்டுவதுபோல.

“போதும்டி” என்றார். “போதும்.”

நின்றுவிட்டது. (சிக்னல் போயிருக்கும். போயிருக்கட்டும்.)

7

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன், ஒரு வருஷம் இந்தத் தாள்கள் அலமாரியில் கிடந்தன. போன மாதம் தையலக்காவின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது பத்தொன்பது வயது. நகரத்தில் படிப்பை முடித்துவிட்டு வந்து, கடைத்தெருவில் கைபேசிக் கடை வைத்திருக்கிறாள். பெண்கள் அவளிடம் கையில் காசைக் கொடுப்பார்கள். அவள் அதைச் செயலியில் ஏற்றிவிடுவாள். செயலியும் மாறிவிட்டது. இப்போது எல்லாவற்றுக்கும் கைரேகை கேட்கிறது. குரல் இல்லை. பணம் ஏறினால் ஒரு மணிச்சத்தம் மட்டும்.

“அன்னிக்குப் போட்டது யார் யாருன்னு உங்க நோட்டுல இருக்கா மாமா?” என்றாள்.

“இல்லம்மா.”

“இருந்தாலும் சொல்ல மாட்டீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“பேரு தெரிஞ்சா அவங்ககிட்ட மட்டும் திருப்பிக் கொடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “இப்ப பதிமூணு பேருக்கும் கடன்பட்டிருக்கேன்.”

அதனால் இன்னொரு காட்சி எழுத வேண்டியதாயிற்று. புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. கடையில் அவள் மட்டும். கோழிக்காரி வருகிறாள், வயதாகிவிட்டது, முட்டி வலி. விரலைக் கருவியில் வைத்துவிட்டு, கசங்கிய நோட்டுகளை எண்ணாமல் மேசைமேல் வைக்கிறாள். “சரியா இருக்கும், ஏத்திரு. இப்பப் போனாத்தான் உக்கார எடம் கெடைக்கும்” என்றபடி படியிறங்கிப் போகிறாள். அவள் தெருமுனை திரும்பியதும் பெண் நோட்டுகளைப் பிரித்து எண்ணுகிறாள். குறைகிறது. எண்பதுகூட இல்லை. அவள் மேசை இழுப்பறையைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து, தன் சொந்தப் பையைத் திறந்து –

(நிறுத்துகிறேன்.)

இந்த வாக்கியத்தை முடிக்கலாம். ஆனால் அவள் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டாள். பை திறந்தபடி இருக்கிறது, கை நின்றுவிட்டது. அவள் பட்ட கடன் சாட்சி இல்லாமல் வந்தது. அப்படித்தான் போயாக வேண்டும். நானும் நீங்களும் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவளால் அதை அடைக்க முடியாது. பார்க்க வேண்டியவர் மேலிருந்து பார்த்துக்கொள்வார், அவர் போதும்.

நான் தெருவுக்கு வந்துவிட்டேன். உங்கள் செருப்புச் சத்தம் இன்னும் கடை வாசலில்தான் கேட்கிறது.