மாஸ்டர் கலக்கிக் கொடுத்த சோடா உப்பு

பேக்கரியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோடா உப்பு கூடியதா குறைந்ததா என்று மாவைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அதனால் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "எரியுதுங்க" என்றபோது மனுஷன் யாரையும் கேட்கவில்லை. பேக்கரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சோடா உப்பை ஒரு கரண்டி அள்ளித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அவளுக்கு ஏப்பம் வந்தது, எரிச்சல் அடங்கியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர், படுக்கும் முன் ஒரு டம்ளர் என்று வைத்தியம் தடபுடலாக நடந்தது.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?"

"மருந்தெல்லாம் இல்லைங்க. நெஞ்செரிச்சலுக்கு சோடா உப்பு. நானே என் கையால கலக்கித் தர்றேன்" என்றார் மாஸ்டர், பாராட்டை எதிர்பார்த்து.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தினமுமா?"

"ஒரு வேளை தவறினதில்லைங்க."

"ஐயோ, என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க! அது உடம்புல தண்ணிய கோக்க வைக்கும், பிரஷரைத் தூக்கிவிடும். வயித்துப் பிள்ளைக்கும் ஆபத்து. வீக்கத்துக்கு வேற காரணமும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்துதான் சொல்ல முடியும். இன்னைக்கே அட்மிட் பண்ணணும்."

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "பிள்ளை… இருக்குதுங்களா?"

நர்ஸ் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். வெறும் இரைச்சல். இன்னும் நகர்த்தினார். அதற்குள் மாஸ்டர் செத்துப் பிழைத்தார். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து படபடவென்று இதயத் துடிப்பு எழுந்தது. மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தலைமாட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும், அப்போதும் எரிந்தால் தான் எழுதித் தரும் மருந்தைத்தான் தொட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவர் காதில் பாதிதான் விழுந்தது.

வார்டில் கட்டிலோரம் நின்று மனைவியின் காலைப் பார்த்தார்.

"கால் வீங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"பயமாத்தான் இருந்துச்சு. அதைக் குடிச்சாலே குமட்டும், தலையும் வலிக்கும்."

"அப்புறம் ஏன் குடிச்சே?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். கோபமே இல்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, எனக்குன்னு நீங்க ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தது அதுதாங்க முதல் தடவை. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."