திருமதி இந்தா

இன்றைக்கு மூட்டை காக்க மாட்டேன். எதிலாவது ஒன்றில் ஏறிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.

பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி மூன்றாவது முறையாக அவள் இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கணவர் சிரித்திருப்பார். கேலியாக இல்லை, அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கும். மகள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. அவர் பிள்ளைகளோடு ராட்டினம் ஏறுவார், அவள் கீழே பைகளோடு நிற்பாள். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. தானும் கேட்டுக்கொண்டதில்லை என்பதுதான் இப்போது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

எதிர் இருக்கையில் பேரனும் பேத்தியும். பேரனுக்கு ஏழு வயது, யார் எதைச் சொன்னாலும் திருத்துவான் என்பதால் வீட்டில் ‘வாத்தியார்’. நாலு வயதுப் பேத்தி ‘குண்டூசி’. கண்ணை எடுத்தால் தேட வேண்டியிருக்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போகும் அவசரத்திலும் குண்டூசியின் மணிக்கட்டில் பேனாவால் தாத்தாவின் போன் நம்பரை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

கணவர் முப்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து இரும்புத் தூண்களைத்தான் பார்த்தார்.

“அந்த போல்ட்டைப் பாரு. துருப்பிடிச்சுக் கெடக்கு.”

“தாத்தா, அது நிஜ போல்ட் இல்ல. சும்மா வரைஞ்சு வெச்சிருக்காங்க,” என்றான் வாத்தியார்.

“சரிங்க சார். கண்ணாடி மாத்தணும் சார்.”

மதியத்துக்குள் தாத்தாவும் பேரனும் மூன்றில் ஏறி இறங்கிவிட்டார்கள். முதல் முறை “இந்தா” என்று கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த முறை “இந்தா” என்று போனும் சாவியும். அதற்கடுத்து செருப்பு, வாத்தியாரின் தொப்பி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு முறையும் ‘நானும் வர்றேன்’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் கைதான் முந்திக்கொண்டு நீண்டது.

நான்காவதாக அவர்கள் ஏறியது பெரிய பம்பர ராட்டினம். குண்டூசிக்கு உயரம் போதவில்லை. செயற்கை ஊற்றில் முழங்கைவரை கையை விட்டு அளைந்துகொண்டிருந்தவளை இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். பைகளை ஒன்றோடொன்று சாய்த்து, கண்ணாடி நசுங்காமல் துண்டில் சுற்றி, செருப்புகளைக் காலடியில் ஒதுக்கினாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள்.

எல்லாம் இருந்தது. குழந்தைதான் இல்லை.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். ஊற்றுக்கு ஓடினாள், பஞ்சு மிட்டாய் வண்டியைச் சுற்றி வந்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். இசையும் அலறலும் அவள் குரலை விழுங்கின. மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற நினைப்பு வந்தபோதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

“நீலச் சட்டை போட்ட நாலு வயசுப் பெண் குழந்தை எங்ககிட்ட இருக்காங்க. குழந்தையோட பாட்டி, திருமதி இந்தா அவர்கள், எங்கே இருந்தாலும் அலுவலகத்துக்கு வரவும். திருமதி இந்தா அவர்கள்.”

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். “இந்தாங்கறாங்க, எதைக் குடுக்கறாங்கன்னு சொல்லலியே!”

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை, ஓடிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டத்திலும் அவள் காது தன் வேலையைச் செய்தது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருபத்தாறு வருடமாக ஒலிபெருக்கியில் பேர் கூப்பிடுகிறவள் அவள். முழுப் பேரைக் கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் மைக்கைத் தொடுவாள். எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள்! அவளை ஒருவர் மைக்கில் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் குண்டூசி மேசைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மணிக்கட்டில் எண் இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும். அள்ளி எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டதில் பிஸ்கட் இருவருக்கும் நடுவே நொறுங்கியது.

“நீங்கதான் இந்தாவா?” என்றாள் மைக் முன்னால் இருந்த இளம்பெண்.

“நான்தான்.”

திருத்தத் தோன்றவே இல்லை.

“தாத்தா பேரையும் கேட்டேம்மா. ‘என்னங்க’ன்னுச்சு. காதுல விழலையோன்னு சத்தமா கேட்டேன். மறுபடியும் ‘என்னங்க’. எவ்வளவு மரியாதையா பேசுது குழந்தைன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “சரியாத்தாம்மா சொல்லியிருக்கா. எங்க வீட்டுல அவருக்கு அதுதான் பேரு.”

குழந்தையை இடுப்பில் வைத்துத் திரும்பி நடந்தாள். இந்தா. முப்பத்துநாலு வருடமாகச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நடமாடிய சொல். அதில் அன்பு இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையோடு வந்ததும் அதே சொல்தான். ஆனால் அதோடு எப்போதும் ஒரு கையும், கையில் ஒரு பொருளும் வந்தன. குழந்தை அதை ஒரு பேராகக் கேட்டிருக்கிறது. அவளோ அத்தனை வருடமும் அதை ஒரு வேலையாகவே கேட்டிருந்தாள்.

பெஞ்சில் பைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. கண்ணாடிகூடத் துண்டுக்குள் பத்திரமாக இருந்தது. யாரும் தொடவில்லை. அவளுக்கு ஏனோ அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை காலம் எதைக் காத்தோம்?

கணவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். “எங்க போயிட்டே? இறங்கிப் பாத்தா ஆளையே காணோம். உயிரே போயிடுச்சு.”

“பாட்டி, உன்ன மைக்ல கூப்பிட்டாங்க,” என்றான் வாத்தியார். “ஆனா பேரைத் தப்பா சொன்னாங்க.”

அவள் நடந்ததைச் சொன்னாள். கணவரின் முகம் வெளுத்தது, பிறகு சிரித்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார்.

“ஏம்மா, என் பேரு என்னங்கவா?”

“ஆமா. பாட்டி அப்படித்தான கூப்பிடும்?”

“அடிப் பாவி. மைக்ல வராம தப்பிச்சேன்!”

நால்வரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தார்கள். குண்டூசி இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டாள். வெயில் இறங்கிக் காற்று வந்தது. இந்த நிமிடத்தில் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. எதிலாவது ஏறவேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருந்தது. நிறைவோடு சேர்ந்து அதுவும் இருக்க முடிகிறதே என்று வியந்தாள்.

கடைசியாகப் படகு. தண்டவாளத்தில் மெல்ல ஏறி, உச்சியிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கி விழும் மரப்படகு. உயரம் அளக்கும் கோலுக்குக் கீழே குண்டூசி மூச்சை இழுத்து நிமிர்ந்தாள். தேறிவிட்டாள்.

“ஒரு படகுல மூணு பேருதான். குழந்தைங்களோட பெரியவங்க ஒருத்தர்,” என்றாள் வாசலில் நின்ற பெண்.

அவள் இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். பின்னாலிருந்து கணவர் பைகளோடு வந்து சேர்ந்தார்.

“நீ கீழ இரு. அங்கிருந்து விழறப்ப செங்குத்தா இருக்கும், உனக்குத் தலை சுத்தும். நான் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. தலை சுற்றும்தான். உச்சியில் ஒரு படகு தயங்கி நிற்பதைப் பார்த்தாள். பயம் இருந்தது. ஆனால் பயம் வேறு, வேண்டாம் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகவே நினைத்து இத்தனை வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் பைகளை அவள் பக்கம் நீட்டினார். அவள் பிள்ளைகளின் கைகளை விடவில்லை.

“இல்லைங்க,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. “நீங்க இருங்க. நான் போறேன்.”

ஆடிக்கொண்டிருந்த படகின் ஈரப் பலகையில் கால் வைத்தாள்.